கும்மி வட்டமும் ஆர்கெஸ்ட்ரா மேடையும்: பெண்கள் நடத்திய இசைக்குழுக்கள் பற்றிச் சில குறிப்புகள்

தமிழ் இசை வரலாறு என்று நம்மிடம் இருப்பவற்றில் பெண்ணுக்குக் குரல் உண்டு, குழு கிடையாது. கே.பி. சுந்தராம்பாள் பாடினார், எல்.ஆர். ஈஸ்வரி பாடினார் என்று எழுத யாருக்கும் தயக்கமில்லை. வாத்தியக்காரரை அமர்த்தியது யார், பேனரில் இருந்தது யார் பெயர், விடிந்தபின் சம்பளம் பிரித்தது யார் என்று கேட்டால்தான் வரலாறு திணறுகிறது. பெண் தலைமை என்ற சொல்லாடலை இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கலாம். என் இளமைக்கால ரசனையையும் இதற்குள் வைத்தே பார்க்கிறேன்.

2000களில் கள்ளக்குறிச்சிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இசை என்றால் ஆடி மாதம். கூழ் ஊத்துற அன்னைக்கு விடியக்காலையிலேயே குழாய் ஸ்பீக்கர் ஈஸ்வரியின் அம்மன் பாட்டோடு ஆரம்பிச்சிடும். சினிமாவில் கோரஸ் பாடகியாகத் தொடங்கிய, கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் குரல் இல்லாமல் வடதமிழகத்தில் மாரியம்மனுக்குத் திருவிழா இல்லை என்றானது தனியே எழுதவேண்டிய கதை. ராத்திரி ஆர்கெஸ்ட்ரா. கீபோர்டு, பேடு, தபேலா, கிட்டார் என்று எட்டுப் பத்து ஆண்கள், ஒரே ஒரு பெண். ஜானகி, சித்ரா, ஸ்வர்ணலதா, ஈஸ்வரி எல்லாருடைய குரலும் அந்த ஒருத்தியின் தொண்டையிலிருந்தே வரவேண்டும். 2008இல் 'காதலில் விழுந்தேன்' வந்தபிறகு சின்னப்பொண்ணுவின் குரலும் சேர்ந்துகொண்டது. அந்தப் பாட்டைக் கேட்டுத் துண்டுச் சீட்டு வந்துகொண்டே இருக்கும். நாங்கள் விசிலடித்தது அவளுக்காக. குழுவின் பெயரோ ஓர் ஆணின் பெயர். கூட்டத்தைக் கூட்டும் உழைப்பு அவளுடையது, உடைமை வேறொருவருடையது. மேடை என்ற வெளி இப்படித்தான் கட்டமைக்கப்பட்டிருந்தது.

அதே திருவிழாவில், அதே தெருவில், மேடைக்கு வெளியே இன்னொரு குழு இருந்தது. கும்மி. ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். தாளம் கைகளில். எந்த அடியைத் திருப்புவது, எப்போது வேகம் கூட்டுவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவள் முடிவு. முழுமையான இசைக்குழு இது. பேனரும் கூலியும் இல்லாததால் நம் கண்ணுக்குக் குழுவாகத் தெரியவில்லை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள கூவாகத்தில், சித்திரை மாதம் தாலி கட்டிக்கொண்ட திருநங்கையர் கற்பூரம் கொளுத்திச் சுற்றிவந்து கும்மியடிப்பது இந்த வடிவத்தின் வலுவான தொடர்ச்சி. வாத்தியம் மறுக்கப்பட்டவர்களுக்கு உடலே வாத்தியம்.

பெண் உடைமையாளராக இருந்த முன்னுதாரணம் நமக்கு இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேடமும் பெண்களே போட்டார்கள். அவர் நாடகம் பார்க்கத் தனி ரயில் விட்டதாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் அவர் வறுமையில் இறந்தார். நாதசுரத்தைக் கையிலெடுத்த மதுரை பொன்னுத்தாயியின் கதை இன்னும் துலக்கமானது. கணவர் இறந்தபின் மங்கல வாத்தியம் வாசிக்க அவருக்கு அழைப்பு இல்லாமல் போனது. 2012இல் மறைந்தார். வாசிப்பில் குறை வந்துவிடவில்லை, நெற்றியில்தான் பொட்டில்லை. வாத்தியத்துக்கு மங்கலம் அமங்கலம் என்று பிரிக்கும் அதே அதிகாரம் பெண்ணுடலையும் பிரிக்கிறது.

அந்தப் பிரிவினையில் நாதசுரத்துக்கு எதிர்முனையில் வைக்கப்பட்டது பறை. சாவு வீட்டில் இந்த வேலைப் பிரிவினையைக் கவனிக்கலாம். பறையடிப்பது தலித் ஆண்கள்மேல் சாதி சுமத்திய ஊழியம். ஒப்பாரி பெண்களுடையது. அங்கேயும் ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் வாங்குவார்கள். அதற்குக் காசு வாங்கினால் மட்டும் 'கூலிக்கு மாரடிக்கிறவள்' என்று பழமொழியே செய்து வைத்திருக்கிறோம். பெண்ணின் இசை உழைப்புக்குக் கூலி என்றாலே அது பொய் என்றாகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு முக்கியமாகிறது. அருட்சகோதரி சந்திரா முன்நின்று உருவாக்கிய இக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையைத் தூக்கினார்கள். தீயில் காய்ச்சித் தோலை இறுக்குவதிலிருந்து, அடிக்குச்சியும் சுண்டுகுச்சியும் பிடித்து அடவு போட்டு ஆடுவதுவரை எல்லாம் அவர்களே. சாதி இழிவின் அடையாளமாக இருந்த கருவி, இரட்டை விலக்கத்துக்கு உள்ளான உடலில் ஏறியதும் அதன் அர்த்தம் கலைந்து வேறாகிறது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் இவர்களை ஆவணப்படமாக்கியிருக்கிறார். நம் இசை விமர்சகர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள்? கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பறை யார் வீட்டில் தொங்கும் என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிலும் பத்தொன்பது பேரில் பெண் இசைவாணி ஒருவர்தான். அரசியல் கூர்மையான மேடையிலும் ஆர்கெஸ்ட்ராவின் பழைய கணக்கு.

2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கருணாபுரத்துப் பெண்களின் ஒப்பாரியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பார்த்தது, கேட்கவில்லை. அவர்கள் பாடிக்கொண்டிருக்கையில் மேலே செய்தியாளரின் குரல் ஓடியது. எங்கள் ஊர்ப் பெண்களின் குரல் அழுகையாக மட்டும்தான் பதிவாகும் என்றால் அது யாருடைய காது?

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் என்ன பாட்டு ஓடவேண்டும் என்பதை இன்றும் டிரைவர்தான் முடிவு செய்கிறார். கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்களையோ, கீழேயுள்ள கும்மிக்காரிகளையோ 'நாட்டுப்புறக் கலை' என்ற பொதுப்பெயரில் விழா மேடையேற்றி, சால்வை போர்த்தி இறக்கிவிடுவது போதாது. பாட்டெடுப்பவள் பெயர் அறிவிப்பில் வரவேண்டும், கூலி அவள் கைக்கு வரவேண்டும், பதிவாகும் ஒலிக்கு உரிமை அந்தக் குழுவிடம் இருக்கவேண்டும். இசை வரலாறு எழுதுகிற நாமும் முதலில் சம்பளப் பட்டியலைக் கேட்டு வாங்குவோம்.