லெனின் முகமும் ராக்பெல்லர் சுவரும்

ஒரு நிறுவனம் தன் கட்டடச் சுவரில் படம் வரையச் சொல்லி ஓர் ஓவியருக்குப் பணம் கொடுக்கிறது. அவரும் வரைகிறார். அந்த ஓவியம் யாருக்குச் சொந்தம்? பணம் கொடுத்தவருக்கா, வரைந்தவருக்கா? இந்தக் கேள்வியை உலகமே பேசும்படி செய்த நிகழ்ச்சி 1933-ல் நியூயார்க் நகரில் நடந்தது.

அப்போது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. அந்தக் காலத்திலும் எண்ணெய் அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர், நகரின் நடுவே ராக்பெல்லர் சென்டர் என்ற பெரிய வணிக வளாகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அதில் தலையாய கட்டடம் 70 மாடி ஆர்.சி.ஏ. கட்டடம். வாடகைக்கு ஆள் வர வேண்டும், வருகிறவர்கள் வாசலிலேயே வியந்து நிற்க வேண்டும். அதனால் முகப்புக் கூடத்தில் பெரிய சுவரோவியம் ஒன்று வைக்க முடிவாயிற்று.

பிக்காசோ, மத்தீஸ் ஆகியோரையும் அணுகிப் பார்த்தார்கள். கடைசியில் வேலை மெக்சிகோ நாட்டு ஓவியர் தியேகோ ரிவேராவுக்குக் கிடைத்தது. கூலி 21,000 டாலர். தலைப்பையும் நிறுவனமே கொடுத்தது: நாற்சந்தியில் நிற்கும் மனிதன் புதிய, சிறந்த எதிர்காலத்தை நம்பிக்கையோடு தேர்ந்தெடுப்பது.

ரிவேரா கம்யூனிஸ்ட். ஆனால் 1929-லேயே மெக்சிகோ கம்யூனிஸ்ட் கட்சி அவரை வெளியேற்றிவிட்டது. முதலாளிகளிடம் வேலை செய்கிறார் என்று தோழர்கள் அவரைத் திட்டினார்கள். 1931-ல் சான்பிரான்சிஸ்கோ பங்குச் சந்தையின் உணவு மன்றத்தில் வரைந்தார். அடுத்து மோட்டார் அதிபர் எட்சல் ஃபோர்டின் பணத்தில் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் 27 பகுதிகளாகத் தொழிற்சாலை வாழ்க்கையை வரைந்தார். இவை இரண்டும் இன்றும் இருக்கின்றன. அவருடைய அரசியல் ராக்பெல்லர் குடும்பத்துக்குத் தெரியாததல்ல. ராக்பெல்லரின் மனைவி ஆபி அவருடைய ஓவியங்களை விலைக்கு வாங்கியவர். பிறகு ஏன் சிக்கல் வந்தது?

முதல் கருத்து வேறுபாடு வண்ணத்தில்தான் வந்தது. கித்தான் துணியில், கறுப்பு வெள்ளை சாம்பல் நிறங்களில் வரைந்து சுவரில் ஒட்டலாம் என்பது கட்டடக் கலைஞரின் எண்ணம். ரிவேரா ஒப்பவில்லை. பல வண்ணங்களில், ஃப்ரெஸ்கோ முறையில்தான் வரைவேன் என்று சொல்லி அதில் வென்றார்.

ஃப்ரெஸ்கோ என்றால் என்ன? சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, அது காய்வதற்குள் தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டுவது. சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு இறுகும்போது வண்ணமும் அதோடு சேர்ந்து கல்லாகிவிடும். அன்றன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் சாந்து பூச முடியும். பல நூறு ஆண்டு நிலைக்கும். ஆனால் ஓவியமும் சுவரும் ஒன்றாகிவிடும். கித்தானைப் போலச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது.

1933 மார்ச்சில் வேலை தொடங்கியது. நடுவில் இயந்திரத்தை இயக்கும் ஒரு தொழிலாளி. ஒரு பக்கம் போர்வீரர்கள், குடித்துச் சூதாடும் செல்வர்கள், வேலையில்லாதவர்களை விரட்டும் போலீஸ். மறுபக்கம் மே தின ஊர்வலம். ஏப்ரல் 24-ல் ஒரு செய்தித்தாள், ரிவேரா கம்யூனிஸ்ட் காட்சிகளை வரைகிறார், பணம் ராக்பெல்லருடையது என்ற கருத்தில் தலைப்புப் போட்டது. இந்தச் சூழலில்தான், முதலில் ஒப்புதல் பெற்ற மாதிரிப் படத்தில் பொதுவான ஒரு தொழிலாளர் தலைவர் இருந்த இடத்தில் லெனினின் முகம் தோன்றியது.

மே 4-ந் தேதி ராக்பெல்லரின் மகன் நெல்சன் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 24. பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஆனவர். ஓவியம் அழகாக இருக்கிறது, ஆனால் இது தனி வீடல்ல, பலர் வந்து போகும் கட்டடம், லெனினுக்குப் பதில் யாரோ ஒருவர் முகத்தைப் போடுங்கள் என்று மரியாதையாகவே கேட்டிருந்தார்.

ரிவேரா மறுத்தார். வேண்டுமானால் ஆபிரகாம் லிங்கனையும் ஓர் இடத்தில் சேர்க்கிறேன் என்றார். ஓவியத்தைச் சிதைப்பதைவிட முழுவதும் அழிந்து போவதே மேல் என்றும் எழுதினார்.

மே 9-ந் தேதி அவரைச் சாரத்திலிருந்து கீழே இறங்கச் சொன்னார்கள். பாக்கித் தொகை 14,000 டாலருக்குக் காசோலை கொடுத்து வேலையை நிறுத்தினார்கள். ஓவியத்தைத் திரை போட்டு மூடினார்கள். சிகாகோ கண்காட்சிக்காக ஜெனரல் மோட்டார்ஸ் தருவதாக இருந்த வேலையும் ரத்தாயிற்று. 1934 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில், சுவரிலிருந்த ஓவியத்தைச் சாந்தோடு சேர்த்து உடைத்து எடுத்துவிட்டார்கள்.

இங்கே நியாயம் யார் பக்கம்? ஒப்புக்கொண்ட மாதிரிப் படத்தை மாற்றியது ரிவேரா. பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுத்தது ராக்பெல்லர். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி சுவர் யாருடையதோ ஓவியமும் அவருடையது. ஆனால் நியாயம் அதோடு முடிந்துவிடவில்லை. மூடி வைப்பதும் அழிப்பதும் ஒன்றல்ல. பணம் கொடுத்தவருக்கு ஓவியத்தைப் பார்க்காமல் இருக்க உரிமை உண்டு. இனி எவருமே பார்க்கக்கூடாது என்று செய்யும் உரிமையும் உண்டா என்பதுதான் கேள்வி.

சட்டம் இதற்கு மெதுவாகத்தான் பதில் சொன்னது. அமெரிக்காவில் 1990-ல் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி, சேதமில்லாமல் எடுக்கக்கூடிய சுவரோவியம் என்றால் கட்டட உரிமையாளர் கலைஞருக்கு 90 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு படைப்பாளியின் தார்மிக உரிமையைக் காக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979-ல் பெயர்த்து எடுத்துச் சேதப்படுத்தியது. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவின்படி எஞ்சியதைச் சிற்பியிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. விற்றுவிட்டாலும் படைப்பாளிக்கு ஓர் உரிமை மிஞ்சுகிறது என்பதை நீதிமன்றம் ஏற்றது.

ரிவேராவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவருக்கு உதவியது ஒரு புகைப்படக் கருவி. உதவியாளராக இருந்த லூசியன் பிளாக் காவலர்கள் கண்ணில் படாமல் எடுத்து வைத்த படங்கள் அவரிடம் இருந்தன. 1934-லேயே மெக்சிகோ நகரின் நுண்கலை மாளிகையில் அதே ஓவியத்தைச் சற்றுச் சிறியதாக மீண்டும் வரைந்தார். இந்த முறை மதுக் கோப்பையோடு ராக்பெல்லர் ஜூனியரையும் செல்வர்கள் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்!

நியூயார்க் சுவர் வெறுமையாக இருக்கவில்லை. 1937-ல் ஸ்பானிய ஓவியர் ஹோசே மரியா செர்ட் வரைந்த படம் அங்கே இடம் பிடித்தது. அது கித்தானில் வரைந்து ஒட்டியது. அதில் லிங்கன் இருக்கிறார். ரிவேரா சேர்க்கிறேன் என்று சொன்ன அதே லிங்கன். லெனினைப் பார்க்க வேண்டுமானால் மெக்சிகோ போக வேண்டும்.