விலக்களிக்கப்பட்ட கணிதம்: தாமிரபரணிக் கரையிலிருந்து தரமணி வரை

கணிதத்துக்குச் சாதியில்லை என்று கணிதத் துறையினர் அடிக்கடி கூறுவர். தேற்றத்துக்குச் சாதியில்லை என்பது உண்மையே. தேற்றத்தை ஆராயும் இடம் யாருக்குக் கிடைக்கிறது என்பது வேறு கேள்வி.

மத்தியக் கல்வி நிறுவனங்களின் மாணவர் சேர்க்கைக்கான 2006ஆம் ஆண்டு இட ஒதுக்கீட்டுச் சட்டம், பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடங்களை உறுதிசெய்கிறது. ஆயினும் அதன் 4ஆம் பிரிவு, அட்டவணையில் இடம்பெற்ற ‘உயர்சிறப்பு’ நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் விலக்களிக்கிறது. ஆசிரியர் பணியிடங்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியே சென்றது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், அலகாபாத் ஹரீஷ்-சந்திரா ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்றும் அவ்வட்டவணையில் உள்ளன. நாட்டின் உயர் கணித ஆராய்ச்சிக்கான முதன்மை வாயில்களுள் இவை அடங்கும். தாமாக முன்வந்து ஒதுக்கீடு வழங்க இந்நிறுவனங்களுக்குத் தடையேதுமில்லை. வழங்கியாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தகுதி என்ற சொல் சட்டத்தின் வாசகமாகவே மாறிவிட்ட இடம் இது.

நெல்லைச் சீமைக்கு இக்கேள்வி புறம்பானதன்று. வாரிங் கணக்கில் உலகப் புகழ்பெற்ற எஸ்.எஸ். பிள்ளை, குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்தவர். பள்ளிப் பருவம் முடியுமுன் தந்தையை இழந்த அவரைத் தொடர்ந்து படிக்கவைத்தது ஓர் ஆசிரியரின் பொருளுதவி. உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் 1950இல் கெய்ரோ அருகே விமான விபத்தில் மறைந்தார். அவருடைய திறமையில் ஐயமில்லை. ஆனால், ஆசிரியர் ஒருவரின் மனமும் பணப்பையும் எந்தச் சாதி மாணவனுக்குத் திறக்கும் என்பதுதான் அக்காலத்தின் ‘கல்விக் கொள்கை’.

இன்று அதே ஆற்றங்கரையில் பள்ளிக்குச் செல்வதே ஆபத்தாகியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன்பயின்ற ஆதிக்கச் சாதி மாணவர்களால் வீடுபுகுந்து வெட்டப்பட்டனர். 2025 மார்ச்சில் திருவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவரின் விரல்கள் துண்டிக்கப்பட்டன. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதிக் கயிறுகளைத் தடைசெய்யவும் ஆசிரியர்களைக் குறித்த காலத்தில் இடமாற்றம் செய்யவும் பரிந்துரைத்தது. ஒருபடி தவறினால் அடுத்த படி விளங்காத பாடம் கணிதம். அச்சத்தால் பள்ளியை விட்டு விலகியிருந்த மாதங்களை அது மன்னிப்பதில்லை.

இவற்றைக் கடந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலோ முதுகலை முடிப்பவர் முன் ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வு நிற்கிறது. அதன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய கோடைக்காலக் கணிதப் பயிற்சித் திட்டம், சிறுநகரக் கல்லூரி மாணவர்க்கு உயர் கணிதத்தின் சிந்தனை முறையைக் கற்பித்துவருகிறது. இத்தகைய பயிற்சி தமிழில், நெல்லையிலேயே நடைபெற வேண்டும்.

ஒதுக்கீடு பொருந்தும் இடங்களிலும் போராட்டம் ஓய்வதில்லை. சென்னை ஐஐடியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றிய வசந்தா கந்தசாமி, அங்குள்ள ஆசிரியர் நியமனங்களை எதிர்த்து நீண்ட காலம் வழக்காடினார். 2006இல் தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. தீண்டாமை குறித்த பெரியாரின் கருத்துகளைத் தெளிவிலாக் கணக் கோட்பாட்டின் துணைகொண்டு ஆராய்ந்த நூலின் ஆசிரியர்களுள் அவரும் ஒருவர்.

அமெரிக்காவில் கணித முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் எல்பர்ட் காக்ஸ் என்பதும் ஆண்டு 1925 என்பதும் அங்கே வரலாறாகப் பதிவாகியுள்ளன. கறுப்பினக் கணிதவியலாளர் 1969 முதல் தமக்கெனச் சங்கம் நடத்துகின்றனர். இங்கோ முதலில் தேவைப்படுவது கணக்கெடுப்பு. மேற்கண்ட மூன்றும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. கடந்த பத்தாண்டுகளில் சேர்ந்த ஆய்வு மாணவர், நியமிக்கப்பட்ட ஆசிரியர் ஆகியோரின் பிரிவுவாரி எண்ணிக்கையை எந்தக் கல்லூரி மாணவரும் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். விடையளிக்க அவர்களுக்கு உள்ள காலம் 30 நாள்.