மந்தரத் தந்திக்கு ஒரு பெயர்: சென்னையில் பேஸ் கிட்டார்க் கலைஞர் உருவான வரலாறு

திரையிசை வாத்தியக்காரர்களைப் பற்றி எழுதப் புகுவோர் எவரும் கிரகரி பூத்தைக் கடக்காமல் போக முடியாது. 2008-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘திரைக்குப் பின்னால்’ என்ற பொருள்படும் அவருடைய நூல், மும்பை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்களின் வாய்மொழியை ஆதாரமாகக் கொண்டது. அதன் சாரம் இது: பல பத்தாண்டுகள் பெரிய இசைக்குழு ஒரே கூடத்தில் அமர்ந்து வாசித்தது, வாசித்தவர்களை வெளியுலகம் அறியவில்லை, 1990-களில் சின்தசைசரும் பல்தடப் பதிவும் ஓங்கியபோது அந்தக் குழுவும் அதன் வாழ்க்கைமுறையும் கலைந்தன.

வயலின் வரிசையைப் பொறுத்தவரை இந்த வாசிப்பை மறுக்க இடமில்லை. முப்பது வில்கள் செய்த வேலையை ஒரு விசைப்பலகை செய்யத் தொடங்கியபோது முப்பது குடும்பங்களின் வருமானம் குறைந்தது. பூத் மும்பையைப் பற்றி மட்டுமே எழுதினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிக்கல், அதே காலவரையறையைச் சென்னைக்கும் எல்லா வாத்தியங்களுக்கும் பொதுவாக்கும்போது வருகிறது. பேஸ் கிட்டாரின் வரலாறு அந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை. எந்தத் தொழில்நுட்பம் வயலின்காரரை அகற்றியதோ, அதுவே பேஸ்காரருக்குச் செவியையும் பெயரையும் தேடித் தந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் சந்தைக்கு வந்தது. அதுவரை ஆளுயர டபுள் பேஸ் செய்துவந்த வேலையை, தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி ஏற்றது. சென்னைக் கூடங்களுக்குள் அது எந்த ஆண்டு நுழைந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. 1960-களா, 1970-களின் தொடக்கமா என்பதைத் திறந்தே வைக்கிறேன். ‘அன்னக்கிளி’ (1976), ஸ்டீரியோவில் பதிவான ‘பிரியா’ (1978) ஆகியவற்றுக்குப் பிறகு அதன் இருப்பை ஐயுற வேண்டியதில்லை.

ஒரே ஒரு பதிவை இங்கே நிதானமாகப் பார்க்கலாம். பாலு மகேந்திராவின் ‘மூடு பனி’ 1980-இல் வந்தது. இளையராஜாவின் நூறாவது படம். ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டில் பிரதாப் போத்தன் கையில் கிட்டார் இருக்கிறது. விரல்கள் தந்திமேல் ஓடுவதைக் காட்சி காட்டுகிறது. ஆனால் அந்தக் கிட்டாருக்கு அடியில் இன்னொரு தந்திவாத்தியம் தனக்கென ஓர் இசைவரியைக் கொண்டு நகர்கிறது. திரையில் அதற்கு உருவம் இல்லை. அக்கால இசைத்தட்டின் நடுவிலிருக்கும் வட்ட முகப்போ படம், பாட்டு, பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்பதோடு நின்றுவிடும். யேசுதாசும் கங்கை அமரனும் அதில் உண்டு. பேஸ் வாசித்தவர் இல்லை. சசி என்றழைக்கப்படும் சசிதரன் இளையராஜாவின் குழுவில் பேஸ் வாசித்தவர் என்பதை இன்று இரசிகர்கள் அறிவார்கள் என்றால், அது பிற்காலப் பேச்சுவழி வந்த அறிவு. தருமபுரிச் சீமையின் நடுகற்கள் மாடு மீட்டு மாண்ட சேவகனின் பெயரையும் பொறித்துவைத்தன. இசைத்தட்டு அந்த அளவுக்குக்கூடத் தாராளம் காட்டவில்லை.

இதுவரை பூத்தோடு உடன்படலாம். ஆனால் பேஸ்காரரை மறைத்தது முகப்புத்தாள் மட்டுமல்ல. தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடைப்பட்ட இண்டூர் போன்ற ஊர்களில் 1980-களின் பாட்டு பெரும்பாலும் மைக் செட் வழியாகவே பொதுவெளிக்கு வந்தது. மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, கல்யாணம், எதுவானாலும் மரத்திலோ கம்பத்திலோ கட்டிய குழாய் ஒலிபெருக்கிதான். குரலை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல அமைந்த கருவி அது. சுமார் 300 ஹெர்ட்சுக்குக் கீழே அதன் ஆற்றல் சரிந்துவிடும். பேஸ் கிட்டாரின் திறந்த தந்திகளோ 41, 55, 73, 98 ஹெர்ட்சில் அதிர்பவை. ஆக, ஒரே பாட்டுக்கு இரண்டு பாடங்கள் வழங்கின என்றே கொள்ள வேண்டும்: நகரத்து ஸ்டீரியோப் பெட்டியில் ஒலித்த முழுப்பாடம் ஒன்று, குழாயில் ஒலித்த, அடிவரி உதிர்ந்த பாடம் இன்னொன்று. பாடபேதம் பார்க்கும் பழக்கம் சுவடிக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு மறுப்பு எழும். அடிச்சுரம் நேரே கேட்காவிட்டாலும் அதன் மேலதிர்வுகள் கேட்கும். அவற்றைக் கொண்டே காது விடுபட்ட சுரத்தை ஊகித்துக்கொள்ளும். ஒலியியல் இதை ஏற்கிறது. ஆனால் விரலால் மென்மையாக மீட்டும் பேஸில் உயர்ந்த மேலதிர்வுகள் வலுவற்றவை. அவை வந்துசேரும் அதே அலைவரிசையில் குரல், வயலின், தபலா எல்லாம் நெரிசலாக நிற்கின்றன. திறந்த வெளியில், காற்றில், பக்கத்துத் தெருக் குழாயோடு போட்டியிட்டு ஒலிக்கும் பாட்டில் அந்த மெல்லிய மிச்சத்தைப் பிரித்துக் கேட்டிருப்பார்கள் என்று வாதிடுவதே கடினம். பால் கிரீன் 1999-இல் வெளியான தம் ஆய்வில் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒலிநாடா ஒலிபரப்பப்படுவதை ஆராய்ந்து, ஒலிபெருக்கியை இயக்குவதையே ஒரு வழிபாட்டு நிகழ்த்தலாகக் கண்டார். அந்த நிகழ்த்தல் எந்தச் சுரங்களைக் கொண்டுசேர்த்தது, எவற்றை உதிர்த்தது என்ற கேள்வியையும் அதனுடன் சேர்க்க வேண்டும்.

பின்னர் வீட்டு டேப் ரிக்கார்டர்களும், பேருந்து ஸ்பீக்கர்களும், விழாக்களில் பாக்ஸ் ஸ்பீக்கர்களும் பரவின. ஊருக்கு ஊர் ஆண்டு மாறும் என்பதால் ஒற்றைத் தேதியை நிறுவ முயலவில்லை. 1990-களில் படிப்படியாக நடந்தது என்பதே பாதுகாப்பான கூற்று. பூத் முடிவுகாலமாகக் குறிக்கும் அதே பத்தாண்டில்தான் சிற்றூரின் காதுக்கு மந்தரம் வந்து சேர்கிறது.

கூடத்துக்குள்ளும் வேலைமுறை மாறியது. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரக்குறிப்பு எழுதித் தருபவர். பேஸ்காரர் அதைப் பார்த்து, குழுவோடு சேர்ந்து வாசித்தார். 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினி இசை வந்தபோது, பூத்தின் வழியில் சிந்தித்தால், பேஸ்காரரின் முடிவு தொடங்கியிருக்க வேண்டும். 1992-இல் ‘ரோஜா’ வந்த பிறகு சின்த் பேஸ் பெருகியதும் உண்மை. ஆனால் ஏ.ஆர். ரகுமானின் முறையில் வாத்தியக்காரர் தனியாக, தனித்தடத்தில், தம் கற்பனையையும் சேர்த்து வாசித்தார். தேர்வும் தொகுப்பும் பிறகு நடந்தன. தனித்தடத்தில் பதிவானவரைத் தனி ஆளாகக் குறிப்பிடுவதும் எளிதாயிற்று. ரகுமானின் ஒலிநாடா, குறுந்தகட்டு அட்டைகளில் வாத்தியக்காரர் பட்டியல் இடம்பெற்றது. பேஸ் கிட்டாருக்கு நேரே கீத் பீட்டர்ஸ் என்ற சென்னைக் கலைஞரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த அட்டைகள் நமக்குக் கல்வெட்டுக்கு ஈடான சான்று.

ராக் குழுக்கள் ஓர் உலகம், திரையிசை வேறோர் உலகம் என்று பிரிப்பதும் பொருந்தாது. ரகுமானே இளமையில் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு ‘ரூட்ஸ்’ குழுவில் இருந்தார். ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவையும் தொடங்கினார். பகலில் கூடத்தில் வாசித்தவர்களே மாலையில் மேடையில் ராக் வாசித்த நகரம் சென்னை.

இந்தத் தொடர்ச்சியின் பிற்காலக் கண்ணி டென்மா. கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ என்ற தமிழ் மாற்று இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு இணைந்து அவர் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறியது. கானாப் பாடகர்கள், ராப் பாடிய அறிவு, 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற இசைவாணி ஆகியோர் அதில் இருந்தனர். பறையும் சட்டியும் டிரம்ஸும் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. தோல்வாத்தியங்களின் கனத்த அடியோடு பேஸ் மோதாமல் இடம் பகிர்வதுதான் இந்த வகை இசையின் முதல் சவால். தாழ்சுரத்திலிருந்து இசையைக் கட்டப் பழகிய ஒருவர் இதை வழிநடத்தியது தற்செயல் அல்ல என்று கருதுகிறேன். இது சான்றால் நிறுவப்பட்டதல்ல, என் வாசிப்பு. டென்மா பின்னர் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019), ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படங்களுக்கு இசையமைத்தார்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் இதே வாழ்க்கையில் இருக்கிறது. பொதுமக்கள் டென்மாவை அறிவது இசையமைப்பாளராக, குழுத்தலைவராக, பேஸ்காரராக அல்ல. கீத் பீட்டர்ஸின் பெயரும் அட்டையை விரித்துப் படித்தவர்களிடையேதான் நிலைத்தது. பாட்டு அட்டையிலிருந்து கழன்று கைப்பேசிக்குள் புகுந்த பிறகு அந்தப் பட்டியலும் கண்ணிலிருந்து விலகிவிட்டது. ஆகவே பூத் சொன்ன திரை விலகிவிட்டது என்று முடிக்க மாட்டேன். 1990-களைப் பேஸ்காரரின் அந்திமக்காலமாக எழுதக்கூடாது என்பது மட்டுமே இங்கு நிறுவப்பட்டது. அவர் காதுக்கும் எழுத்துக்கும் ஒருங்கே வந்த, ஏறத்தாழ அட்டைகளின் ஆயுள் அளவே நீடித்த இடைக்காலம் அது. அதன் தொடக்கத்தை ஊர்தோறும் ஒலிபெருக்கி மாறிய ஆண்டைக் கொண்டே கணிக்க முடியும். மைக் செட்காரர்களின் பழைய கணக்கு நோட்டுகள்தான் அதற்குரிய ஆவணம்.