போர்வையில் எழுதிய வரலாறு



இந்த நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒட்டுத்துணிப் போர்வை. துண்டுத் துணிகளைச் சேர்த்து, பஞ்சு வைத்து, ஊசியோட்டித் தைப்பது. ஆங்கிலத்தில் குயில்ட் என்பார்கள். பழஞ்சேலையை மடித்துத் தைத்துப் பிள்ளையைக் கிடத்திய நம் அம்மாக்களுக்கு இது புதிய சங்கதியல்ல. ஆனால் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் அதில் என்ன எழுதினார்கள் என்பதும், எழுதியதை யார் வாசித்துச் சொன்னார்கள் என்பதும் நாம் அறிய வேண்டிய வரலாறு.

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 1886இல் நடந்த பருத்திக் கண்காட்சியில் ஒரு போர்வை வைக்கப்பட்டிருந்தது. 11 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் துணியில் வெட்டி ஒட்டிய மனிதர்கள், விலங்குகள், விவிலியக் காட்சிகள். தைத்தவர் ஹாரியட் பவர்ஸ், 1837இல் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகள் பறித்த பருத்தியால் கொழித்த நிலம் அது. பருத்திக்கு விழா எடுத்த இடத்தில் அந்தப் பெண்ணின் கைவேலை தொங்கியது. ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளையின ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தருவதாயில்லை என்றார் ஹாரியட்.

சில ஆண்டுகளில் குடும்பம் நொடித்தது. ஹாரியட் மாட்டு வண்டியில் வந்தார். போர்வையைச் சுத்தமான மாவுச் சாக்கில் பொதிந்து, அதற்கு மேல் இன்னொரு சாக்கைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்ததாக ஸ்மித்தே எழுதியிருக்கிறார். ஹாரியட் கேட்டது 10 டாலர். ஸ்மித்திடம் இருந்தது 5 டாலர். கணவரிடம் கலந்து பேசிவிட்டு அந்த விலைக்கே கொடுத்தார். அதற்குப் பிறகும் பலமுறை ஸ்மித்தின் வீட்டுக்கு வந்து, தான் விற்ற போர்வையைப் பார்த்துவிட்டுப் போனார்.

விற்றபோது ஒவ்வொரு கட்டத்தின் கதையையும் ஹாரியட் சொன்னார், ஸ்மித் எழுதிக்கொண்டார். நமக்குக் கிடைத்தது ஸ்மித்தின் குறிப்புகள். அவற்றில் ஹாரியட்டின் பேச்சு கொச்சையாகவே பதிவாகியிருக்கிறது. படிக்கத் தெரியாத, பக்தி மிகுந்த கறுப்புக் கிழவி என்ற சித்திரம் நூறாண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது. 2009இல் கைரா ஹிக்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளரின் நூல் வந்தது. ஹாரியட் 1896இல் எழுதிய கடிதத்தை அதில் அவர் வெளியிட்டார். தான் வாசிக்கக் கற்றதையும், வேறு போர்வைகள் தைத்ததையும் ஹாரியட் அதில் சொல்கிறார். போர்வை இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாங்கியவர் வாய்வழியாகவே நம்மைப் பற்றி உலகம் கேட்டிருக்கிறது என்ற வலி இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்திலிருந்துதான் ஃபெய்த் ரிங்கோல்டை நாம் வாசிக்கிறோம். 1930இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். தாய் வில்லி போசி உடை வடிவமைப்பாளர். பூட்டியின் தாய் சூசி ஷானன் அடிமையாக இருந்து, ஆண்டைகளுக்குப் போர்வை தைத்தவர். மாவுச் சாக்குகளை வேகவைத்து வெளுத்துப் போர்வைக்கு அடித்துணியாக்கும் பக்குவம் அந்தக் குடும்பத்தில் பெண்வழியாக வந்தது. ஹாரியட்டின் மடியிலிருந்த மாவுச் சாக்கு இங்கே நமக்கு நினைவுக்கு வருகிறது.

ரிங்கோல்ட் ஓவியம் படிக்க விரும்பியபோது, சிட்டி காலேஜின் கலைப் பிரிவு பெண்களைச் சேர்க்கவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பிரிவின் வழியாகத்தான் ஓவியம் கற்றார். பள்ளிகளில் ஆசிரியராக இருந்துகொண்டே வரைந்தார். 1970இல் விட்னி அருங்காட்சியகத்தின் முன் பெண் கலைஞர்களுக்கு இடம் கேட்டுப் போராடினார். கறுப்பர் இயக்கத்தில் பெண்ணென்றும், பெண்கள் இயக்கத்தில் கறுப்பரென்றும் ஓரமாக நிற்க வைக்கப்பட்டவர். இரட்டை விளிம்பு என்று நம் தலித் பெண்கள் சொல்வது இதைத்தான். இனமும் சாதியும் ஒன்றல்ல, அதை மறந்து ஒப்பிடுவது சோம்பேறித்தனம். ஆனாலும் 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டது. உறவு பழையது.

அதே 1972இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் திபெத்தியத் தங்கா ஓவியங்களை ரிங்கோல்ட் பார்த்தார். துணி விளிம்பு வைத்த, சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய ஓவியங்கள். ஊர் திரும்பி, அடிமைப் பெண்கள் மீதான வன்புணர்வைப் பற்றிய வரிசையை வரைந்தார். ஓடு, எதிர்த்துப் போராடு என்று பெண்களுக்குச் சொல்லும் தலைப்புகள். அந்த ஓவியங்களுக்குத் துணி விளிம்பு தைத்தவர் அவருடைய அம்மா. கனத்த சட்டங்களைத் தூக்க ஆள் தேட வேண்டாம், சுருட்டிப் பெட்டியில் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோகலாம் என்ற நடைமுறைக் காரணமும் இருந்தது. கலை விமர்சகர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் பேனர் சுமந்த நமக்குப் புரியும்.

1980இல் தாயும் மகளும் சேர்ந்து ஹார்லெமின் 30 முகங்களை ஒரு போர்வையில் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு தாய் இறந்தார். ரிங்கோல்டின் தன்வரலாற்றை அப்போது வெளியிடப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. கதையைத் துணியிலேயே எழுதத் தொடங்கினார். 1983இல் முதல் கதைப் போர்வை. அதன் நாயகி ஆன்ட் ஜெமிமா, 1889 முதல் பான்கேக் மாவுப் பெட்டியில் சிரித்துக்கொண்டிருந்த கறுப்புச் சமையற்காரி. வெள்ளையர் வீட்டு அடுப்படியில் மகிழ்ச்சியாக இருக்கும் பருத்த பெண் என்று நிறுவனம் விற்ற உருவம். 1893இல் சிகாகோ கண்காட்சியில் அந்த வேடத்தில் நின்ற நான்சி கிரீன் அடிமையாகப் பிறந்தவர். ரிங்கோல்ட் அந்த ஜெமிமாவுக்கு பிளேக்கி என்று குடும்பப் பெயர் கொடுத்தார். சொந்தத் தொழில், கணவன், பிள்ளைகள், சண்டை, சொத்து எல்லாம் கொடுத்தார். அந்த நிறுவனம் தன் பொருளிலிருந்து அந்தப் பெயரை நீக்கியது 2021இல்தான்.

துணி வேலையைக் கைவினை என்று ஒதுக்கிவைக்கும் பழக்கத்தில் ஒரு வர்ணப் படிநிலை இருக்கிறது என்பது நம் கருத்து. தூரிகை பிடித்தால் கலைஞர், ஊசி பிடித்தால் வேலைக்காரி. ரிங்கோல்ட் ஒரே துணியில் இரண்டையும் பிடித்தார், பேனாவையும் சேர்த்து.

அவர் 2024 ஏப்ரலில், 93 வயதில் மறைந்தார். 1988இல் அவர் செய்த 'டார் பீச்' போர்வை குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1939ஆம் ஆண்டு, கோடை இரவு, ஹார்லெமில் தார் பூசிய ஒரு மொட்டை மாடி. பெரியவர்கள் சீட்டாடுகிறார்கள். 8 வயது காசி, ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் மேல் பறக்கிறாள். அவளுடைய அப்பா கட்டட வேலைக்காரர். தொழிற்சங்கத்துக்கான கட்டடத்திலேயே வேலை செய்கிறார். ஆனால் அவருடைய அப்பா உறுப்பினராக இல்லை என்பதால் அந்தச் சங்கத்தில் அவருக்கு இடமில்லை. காசி அந்தக் கட்டடத்தின் மேலும் பறந்து, அதை அப்பாவுக்கென்று எடுத்துக்கொள்கிறாள். போர்வையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் வெள்ளைத் துணிப் பட்டைகள். அவற்றில் இந்தக் கதை ரிங்கோல்டின் சொந்தக் கையெழுத்தில் இருக்கிறது.