ஒற்றையா, இரட்டையா?

விடுமுறைக்கு உத்திரமேரூர் வந்த பேரன், பழைய டிஜிட்டல் மின் மீட்டரை ஆர்டுயினோ பலகையோடு இணைத்து ரீடிங் எடுக்கப் பார்த்தான். திரையில் 0, 3, 5, 6, 9 சரியாக வந்தன. 1, 2, 4, 7, 8 மட்டும் கிறுக்கல். "வயர்ல கோளாறு தாத்தா" என்றான். எண்களின் பிட்டுகளைத் தாளில் எழுதச் சொன்னேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு எமில் போதோ தெரிந்த பெயர். 'பாட்' என்ற வேக அளவு அவர் பெயரால் வந்தது. 1874-இல் அவர் காப்புரிமை பெற்ற தந்தி முறையில் ஓர் எழுத்துக்கு ஐந்து குறிகள். ஒன்று புரண்டால் வேறு எழுத்தாகிவிடும், தவறு தெரியாது. 1963-இல் வந்த ஆஸ்கியில் ஏழு பிட். எட்டாவதாகப் பாரிட்டி என்ற சாட்சியைச் சேர்த்தார்கள். இரட்டைப் பாரிட்டியில், மொத்த ஒன்றுகள் இரட்டைப்படை ஆகும்படி அந்தப் பிட் அமையும்.

மீட்டர் அப்படித்தான் அனுப்பியது. பேரனோ 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்திருந்தான். '3'-இல் நான்கு ஒன்றுகள். சாட்சி 0, எண் தப்பியது. '1'-இல் மூன்று, சாட்சி 1 ஆகி எண்ணோடு ஒட்டிக்கொண்டது. 7 பிட், இரட்டைப் பாரிட்டி என்று மாற்றியதும் ரீடிங் வந்தது. ஆனால் இரண்டு பிட் சேர்ந்து புரண்டால் இந்தச் சாட்சியும் ஏமாறும்.

மறுநாள் அவனை வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அங்குள்ள 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்து வாங்கிப் படிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் படிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்திலும் ஒருவர் போட்ட கூட்டலை இன்னொருவர் சரிபார்த்து டிக் போட்ட பிறகே கோப்பு மேலே போகும்.