துர என்னும் வினையும் அதன் சுற்றமும்

ஒருவரை ஓரிடத்தினின்றும் பலவந்தமாகப் போக்குதற்கு இன்று நாம் வழங்கும் சொற்களுள், ஓட்டு என்பது ஓடு என்னும் தன்வினையினின்றும், விரட்டு என்பது வெருளுதலாகிய அச்சத்தினின்றும், நீக்கு, அகற்று, வெளியேற்று என்பன நீங்கு, அகல், வெளியேறு என்பவற்றினின்றும் பிறந்திருக்க, துரத்து என்பதற்கு மட்டும் அத்தகைய தன்வினைத் துணை இல்லாதிருத்தல் ஆராயத்தக்கது. அதன் தாதுவாகிய ‘துர’ தானே செயப்படுபொருள் குன்றாத வினை.

பண்டை இலக்கியத்தில் அவ்வினையின் ஆட்சி மிக விரிந்தது. பகைவரை ஓட்டுதல் மட்டுமன்றி, அம்பைச் செலுத்துதலும் ஆணியை அறைந்து இறுக்குதலும் அதற்குப் பொருள்களாயின; பொருநராற்றுப்படை யாழினை வருணிக்குமிடத்துத் துளைகளை அடைத்து நிற்கும் ஆணிக்கு அடையாக வருவது துரப்பு என்னும் சொல்லே. உள்ளே செல்லும் ஆணிக்கும் வெளியே ஓடும் பகைவனுக்கும் ஒரே வினை பொருந்துமாயின், வெளியேற்றுதல் அதன் மூல அர்த்தமாக இருத்தல் இயலாது. பின்னின்று விசைகொடுத்து முன்செலுத்துதலே மூலம். வெளியேற்றம் அதன் விளைவுகளுள் ஒன்று. மரத்தைத் துளைக்கத் தச்சர் கொள்ளும் துரப்பணத்தையும் இக்குடும்பத்தில் வைக்க என் மனம் விழைகிறது. தேங்காய் துருவுதலை இதனோடு சேர்ப்பதாயின் ஈற்று உகரத்துக்கு ஏது காட்டல் வேண்டுமாதலால், அதனை இங்கு வற்புறுத்தேன்.

முன்னரே பிறவினைப் பொருள் தந்த துர, மீண்டும் ஒரு விகுதி பெற்றுத் துரத்து ஆனது எங்ஙனம்? நடந்தான், கடந்தான் என்பவற்றைப் போலவே துரந்தான் என்றும் அது வழங்கியதால், நடத்து, கடத்து என்னும் வடிவங்களின் சாயல் அதன்மேலும் படிந்தது எனலாம். அங்ஙனமாயின், அதே வாய்பாட்டினவாகிய திற, மற, அள என்பன விகுதி ஏலாது நிலைபெற, துர மட்டும் வழக்கொழிந்ததேன்? ரகர றகர வேறுபாடு பேச்சில் பெரும்பாலும் மங்கியபோது, பிறரைப் போக்கிய துரந்தானும் தானே விட்டு நீங்கிய துறந்தானும் செவிக்கு ஒன்றாயின என்பதே நான் காணும் விடை. அவ்விரு ஒலிகளையும் இன்றும் பேணும் மலையாளத்திலும் துரத்துக என்னும் வடிவம் உண்டே என ஒருவர் தடை எழுப்பலாம். தடை நியாயமானது, ஆகவே ஒலிமயக்கம் துரத்து என்பதன் பிறப்புக்குக் காரணமன்று, தமிழ்ப் பேச்சில் துர மறைந்தமைக்கே காரணம் என்று வரையறுத்துக் கொள்கிறேன்.

வடிவம் மாறியபோது பொருளும் சுருங்கியது. இன்று அம்பையோ ஆணியையோ எவரும் துரத்துவதில்லை; ஓடக்கூடிய உயிர்க்கே அது பெரிதும் உரியதாயிற்று. பேயைப் போக்கும் கிரியைக்கு உச்சாடனம் என்னும் வடசொல்லும் ஓட்டுதல் என்னும் தமிழ்ச்சொல்லுமே பெருவழக்கு. எனினும் பழைய தாதுப்பொருள் முற்றும் அழிந்திலது. திருடனைத் துரத்திப் பிடித்தார்கள் என்கிறோம். வெளியேற்றிப் பிடித்தார்கள் என்பது அப்பொருளில் வாராது. துரத்துவோன் இன்னும் பின்னின்றே செலுத்துகிறான். எவ்விடத்தினின்று என்னும் வினாவுக்கு விடை கூறும் கடமை இவ்வினைக்கு இன்றும் இல்லை.