இரும்புத் தூணில் விழுந்த குழியும் நுண்மணி உலோகமும்

மெஹரௌலி இரும்புத் தூண் துருப்பிடிக்காததை நம்ம மலர்களில் பலரும் எழுதியாயிற்று. நான் சொல்ல வருவது அதிலுள்ள குழியைப் பற்றி. சுமார் 13 அடி உயரத்தில் பீரங்கிக் குண்டு பட்ட வடு இருக்கிறது. 1739இல் நாதிர்ஷா படை சுட்டது என்பர். தூண் குழிந்ததே தவிர ஒடிந்து விழவில்லை.

உலோகம் என்பது கண்ணுக்குத் தெரியாத படிக மணிகளின் நெருக்கம். மணிக்குள் அணுக்கள் வரிசையாக நிற்கும். அவ்வரிசையில் ஆங்காங்கே பிசகு உண்டு. அடி விழுந்தால் பிசகு நகரும், ஜமக்காளத்துச் சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டே போவதுபோல. உலோகம் உடையாமல் உருமாறுவது இப்படித்தான். 1934இல் டெய்லர், ஒரோவான், போலானி மூவரும் தனித்தனியே இதைச் சொன்னார்கள்.

பிசகு மணியின் எல்லையில் முட்டி நிற்கும். மணி சிறுத்தால் எல்லைகள் கூடும், உலோகம் இறுகும். இது 1950களில் வந்த ஹால்–பெட்ச் விதி. 1980களில் ஜெர்மனியில் கிளைட்டர், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய மணிகளால் உலோகம் செய்தார். சிறுக்கச் சிறுக்க வலுக்கும் என்றுதானே நினைப்போம்? 1989இல் கிளைட்டருடன் ஆய்ந்த அதுல் சோக்ஷி (பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்) முதலானோர், மிக நுண்ணிய மணிகளில் செம்பு இளகுவதைக் காட்டினார்கள். உள்ளே பிசகு ஓட இடமில்லை. மணிகளே ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. 1998இல் டென்மார்க்கில் கணினிக் கணக்கும் அதையே சொன்னது.

முன்னோர் நானோ அறிந்தவர்கள் என்கிறார்கள் சிலர். 2006இல் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் டமாஸ்கஸ் வாளில் கார்பன் நுண்குழல் கண்டது ஆதாரமாம். தென்னிந்திய உருக்கு அவ்வகை வாள்களுக்குப் போனது மெய். ஆனால் கொல்லனின் கைப்பக்குவம் வேறு, காரணம் அறிவது வேறு. தூணின் மணிகளோ சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும் பருமணிகள்! பிள்ளைகளிடம் பெருமை பேசுவதானால் கே.ஏ. பத்மநாபனைச் சொல்லலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். சில உலோகங்கள் மணி எல்லை வழுக்கலால் ஜவ்வுமிட்டாய்போல நீள்வதை ஆராய்ந்து, 1980லேயே டேவிஸுடன் சேர்ந்து நூல் எழுதினார்.

2025 ஜூனில் இடிக்கப்படும்வரை, மதராசி கேம்ப்பிலிருந்து நசுங்கிய பித்தளைக் குடங்கள் என் பாத்திரக் கடைக்கு வரும். தட்டத் தட்டப் பிசகுகள் சிக்கிக்கொண்டு பித்தளை முரடாகும். உலையில் காட்டினால் இளகும். நுண்மணி உலோகத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது. சூடு பட்டால் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்து, பழைய உலோகமாகவே ஆகிவிடும்.